ஆறாவது கேள்வி

தலைநகரிலிருந்து வந்த பெண்ணின் பெயர் யாதிரா.
வெள்ளைக் காலணியில் எங்கள் மலையின் சேறு,
மடியில் ஒரு படிவம்.
ஆறாவது கேள்விக்குக் கீழே
ஐந்து வட்ட முகங்கள்,
அழுகையில் தொடங்கிச் சிரிப்பில் முடிகின்றன.
"நெய்யும்போது நீங்கள் இதில் எந்த முகம், தோன்யா பெத்ரோனா?
ஒன்றைத் தொட்டால் போதும்."

தொடுவதற்கு விரல் ஒழியவில்லை.
தறியின் ஒரு முனை அவகாடோ மரத்தில்,
மறுமுனை என் இடுப்பில்.
சாய்ந்தால் பாவு விறைக்கும்
குனிந்தால் தொய்யும்.
நான் பெருமூச்சு விட்டாலும் துணிக்குத் தெரிந்துவிடும்.

மாட்டைப்போல் கட்டிப் போட்டிருக்கிறார்களே என்று
படம் எடுக்க வருகிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.
இந்தத் தோல்வாரைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?
இந்த வீட்டில் என்னை
யாரும் எழுப்ப முடியாத இடம்
இது ஒன்றுதான்.
சோளம் அரைத்தாயா என்று மாமியார் குரல் வரும்.
கட்டியாச்சு, என்பேன்.
வாரக்கடன் வசூலிப்பவன் வாசலில் இருமுவான்.
அவனுக்கும் அதே பதில்,
கட்டியாச்சு.
அவன் நோட்டைப் புரட்டிப் புரட்டிக்
குழம்பிப்போய்த் திரும்புவான்.

யாதிரா எழுதிக்கொள்கிறாள்.
எழுதாதே பெண்ணே, இது ஐந்தாம் கேள்விக்கும் பதில் இல்லை.

வடக்கே வேலைக்குப் போன அன்செல்மோ
ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டான்.
பின்னணியில் ஒரு குழந்தை அழுதது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை,
அப்படியே எங்கள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று.
அன்று சிவப்பில் நான்கு விரல் அகலம் நெய்தேன்.
பலகையால் அடித்த அடியில்
துணி தகரமாய் இறுகியது,
மழைநீர் நின்றிருக்கும் அதில்.
சங்கத்தில் தரம் பார்க்கும் எவுலாலியா
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு முதல் தரம் என்று முத்திரை குத்தினாள்.
யாரோ ஒரு சீமாட்டி
நாற்காலி உறைக்கு வாங்கிப் போனாளாம்.
என் செவ்வாய்க்கிழமையின் மேல்
அவள் இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

ஆறுதலா என்று கேட்கிறாய்.
ஆறுதல் என்னவென்று எனக்குத் தெரியாது,
எண்ணத் தெரியும்.
மூன்று தூக்கு, இரண்டு விடு, ஐந்து தூக்கு, ஒன்று விடு.
எண்ணிக்கொண்டே அழ முடியாது, முயன்று பார்.
அழுதால் கணக்குத் தப்பும்,
கணக்குத் தப்பினால் பறவைக்கு இரண்டு வால்.
என் ஊயிபில் சட்டைகளில்
இரண்டு வால் பறவைகள் நான்கு உண்டு.
ஒன்று, பிறந்து மூன்று நாள் இருந்த மகள்.
ஒன்று, அந்தத் தொலைபேசி.
ஒன்றை உனக்குச் சொல்லமாட்டேன்.
நான்காவது வெறும் தூக்கக்கலக்கம்,
எல்லா வாலுக்கும் அர்த்தம் தேடாதே.

சில நாட்களில் எதுவுமே இருக்காது.
கோபமில்லை, கணக்குகூட இல்லை,
ஊடை போகும், வரும்,
போகிறதும் வருகிறதும் நானா நூலா
என்று கேட்கவும் ஆளிருக்காது.
வெயில் முற்றத்தில் இருந்து சுவருக்கு ஏறியிருக்கும்.
அதற்கு உன் தாளில் முகம் இல்லை.
நெய்கிறவளின் முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?
நானே பார்த்ததில்லை.
இடுப்பைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

மழை வந்துவிட்டது.
யாதிரா தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு
சாலைக்கு ஓடினாள், பேருந்து ஹாரன் அடித்தது.
ஓடுமுன் பார்த்தேன்,
இரண்டாம் முகத்துக்கும் மூன்றாம் முகத்துக்கும் நடுவே
ஒரு சொட்டு விழுந்து மை பரவியிருந்தது.
அதைத்தான் என் பதிலாக எண்ணிக்கொள்வார்களோ என்னவோ.

வாரை அவிழ்த்தேன்.
நனையுமுன் துணியைச் சுருட்டி
தாழ்வாரத்தில் வைத்தேன்.
அவிழ்த்த பிறகும் கொஞ்ச நேரம்
உடம்பு பின்னால் சாய்ந்தபடியே நடக்கும்,
எதிர்முனையில்
மரம் இருக்கிறது என்ற நினைப்பில்.